பலிச்சோறும் பறவைப் பூசலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் காக்கையைப் பொருளாகக் கொண்டு ஓர் உரையா என்னும் வியப்பு அவையில் எழக்கூடும். குயிலும் மயிலும் அன்னமும் அன்றிலும் வீற்றிருக்கும் இலக்கிய மண்டபத்தில் காக்கைக்கு வாயிற்படி அளவே இடம். எனினும், தாம் பாடிய பறவையின் பெயராலேயே அறியப்பட்ட புலவர் ஒருவர் தமிழில் உண்டு. அந்தப் பறவை காக்கைதான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் அப்பெருமாட்டியார், குறுந்தொகையின் 210ஆம் பாடலில், விருந்து வருமெனக் கரைந்து தலைவியின் துயரை ஆற்றிய காக்கைக்கு நெய்யும் சோறுமாக ஏழு கலங்களில் ஏந்தினாலும் அது சிறிதே என்று தோழியைப் பேசவைத்தார். ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் பாடியமைக்கு அவர் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசிலாகப் பெற்றார் என்று அப்பத்தின் பதிகம் கூறும். எனவே, காக்கையைப் பேசுவது அவைக்கு இழுக்காகாது.

இவ்வுரையின் பொருள் காக்கை மட்டுமன்று. கொல்லையில் ஒரு பிடி சோறு விழுந்ததும் அங்கே கூடும் பறவைகள், கூடியதும் அவை தொடங்கும் பூசல், அந்தப் பூசலைக் காணும் கவிஞன் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறான், எதை விட்டுவிடுகிறான் என்னும் மூன்றுமே பொருள்.

புறங்கடைச் சோறு

மேலை நாடுகளில் பறவைகளுக்குத் தீனி வைப்பது குளிர்காலத்து வழக்கமாக வளர்ந்தது. சூரியகாந்தி விதையை நிரப்பிய பெட்டியைக் கொல்லை மரத்தில் தொங்கவிட்டு, சன்னலின் பின்னிருந்து பார்ப்பார்கள். தமிழர் வீட்டில் பெட்டி இல்லை. இலைத்துண்டோ மதிற்சுவரோ போதும். அமாவாசையன்றும் முன்னோர் திதியன்றும் வடித்த சோற்றின் முதற்பிடி காக்கைக்குப் போகிறது. பல வீடுகளில் அது அன்றாட வழக்கமாகவும் இருக்கிறது.

வழக்கம் பழையது. நற்றிணையின் 258ஆம் பாடல் நக்கீரர் பாடியது. அதில், செல்வ மனையின் மகளிர் புறங்கடையில் இட்ட சோற்றைக் காக்கை உண்கிறது. பொழுது சாய்கையில் அங்காடி நிழலில் குவித்திருக்கும் பச்சை இறாலைக் கவர்கிறது. பின்னர், துறையில் அசையும் மரக்கலத்தின் கூம்பில் சென்று தங்குகிறது. ஒரு பறவையின் ஒருநாட் பயணம் அது: இரந்தும் உண்டது, திருடியும் உண்டது, பிறகு உயரமான இடம் பார்த்து உறங்கப் போனது. புலவர் அதைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. கண்டதைக் கண்டபடி வைத்தார். அந்தப் பார்வையே இவ்வுரைக்கு அளவுகோல்.

பூசலின் ஒழுங்கு

சோறு வைத்தவர் உள்ளே சென்றபின் நிகழ்வதைக் கவனித்தவர்கள் அறிவார்கள். முதலில் வரும் காக்கை சோற்றின்மேல் இறங்குவதில்லை. சற்றுத் தள்ளி மதிலில் அமர்ந்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் சோற்றையும் மறு கண்ணால் கதவையும் பார்க்கும். பக்கவாட்டில் தத்தி நெருங்கி, ஒரு வாய் கவ்விக்கொண்டு பின்வாங்கும். அதற்குள் இரண்டாவதும் மூன்றாவதும் வந்துவிடும். கழுத்துச் சாம்பல் நிறமான வீட்டுக் காக்கைகளுக்கு நடுவே, முழுக்கக் கறுத்துத் தடித்த அலகுடன் அண்டங்காக்கை வந்திறங்கினால் மற்றவை ஒருபடி விலகும். மைனாக்கள் இணையாக வந்து உரத்துக் கத்தும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாய்த் தரையோடு தத்திவந்து, தமக்குள்ளேயே சிறகடித்துச் சச்சரவிட்டுக்கொள்ளும். அணில் இடையில் புகுந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு ஓடும். எல்லாம் அடங்கியபின் சிதறிய பருக்கைகளுக்குச் சிட்டுக்குருவி வரும்.

இதில் சண்டை என்று தோன்றுவதன் பெரும்பகுதி அறிவிப்பே. தலையைத் தாழ்த்தி அலகைத் திறப்பதும், சிறகைச் சற்றே தொங்கவிடுவதும், நேரே நோக்கி இரண்டடி முன்வைப்பதும் 'விலகு' என்பதற்குரிய சொற்கள். எதிரி விலகினால் அத்துடன் முடிந்தது. உண்மையாகவே கொத்திக்கொண்டால் வென்றவனுக்கும் காயம் உண்டு; சோற்றை மூன்றாமவன் கொண்டுபோவதும் உண்டு. ஆகவே பறவைகள் பூசலைப் பேச்சிலேயே தீர்த்துக்கொள்ள முனைகின்றன.

இந்த ஒழுங்கை முதன்முதலில் முறையாக எழுதியவர் நார்வே நாட்டவரான தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே. சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளை நோக்கி, எது எதைக் கொத்துகிறது, எது எதற்கு ஒதுங்குகிறது என்று குறித்துவைக்கத் தொடங்கியவர் அவர். 1920களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் 'கொத்தும் வரிசை' என்னும் கருத்து அறிவியலுக்கு வந்தது. ஒரு கோழி மற்றொன்றோடு ஒருமுறை மோதி முடிவு தெரிந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு நாளும் மோதவேண்டியதில்லை. யார் முன், யார் பின் என்பது இரண்டுக்கும் நினைவிருக்கும். புதிய கோழி ஒன்றைக் கூட்டத்தில் விட்டால் மட்டும் பழைய கணக்கு கலைந்து மீண்டும் பூசல் எழும். ஏற்றத்தாழ்வைப் போற்றுவதற்கு இது சான்றாகாது. பூசல் என்பது குழப்பமன்று, அதற்குள் நினைவும் கணக்கும் உண்டு என்பதற்கே இது சான்று.

இதே வினாவை வட அமெரிக்காவில் பல்லாயிரம் வீடுகள் சேர்ந்து ஆராய்ந்திருக்கின்றன. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் கனடாவின் பறவை அமைப்பும் சேர்ந்து நடத்தும் குளிர்காலத் தீனிப்பெட்டிக் கணக்கெடுப்பு 1987ஆம் ஆண்டு தொடங்கியது. அதில் பங்கேற்ற பொதுமக்கள் தம் கொல்லையில் எந்தப் பறவை எந்தப் பறவையை விரட்டியது என்று எழுதியனுப்பினர். 2017இல் வெளியான ஆய்வு, 136 இனங்களுக்கிடையே நிகழ்ந்த 7,600க்கும் மேற்பட்ட மோதல்களை வரிசைப்படுத்தியது. உடல் பெருத்தது வெல்லும் என்பது பொதுவிதியாக நின்றது. ஆனால் மரங்கொத்திகள் தம் எடைக்கு மீறிய ஆதிக்கம் செலுத்தின, புறாக்கள் தம் எடைக்குக் குறைவாகவே நின்றன.

புறா ஒதுங்கியது என்றதும் சமாதானத்தின் சின்னம் மெய்யாயிற்று என்று மகிழத் தோன்றும். அதற்கு முன் மற்றொரு செய்தியையும் கேட்கவேண்டும். ஆஸ்திரிய நாட்டு விலங்கியலறிஞர் கொன்ராட் லோரன்ஸ், 1949இல் வெளிவந்த 'சாலமன் அரசனின் மோதிரம்' என்னும் நூலில், ஒரே கூண்டில் இரு புறாக்களை விட்டுச் சென்ற நிகழ்ச்சியை எழுதினார். அவர் திரும்பி வந்தபோது, ஒன்று மற்றொன்றைக் கூண்டின் தரையில் வீழ்த்தி, கழுத்தும் முதுகும் தோலுரியும்படி கொத்திக்கொண்டிருந்தது. திறந்த வெளியில் தோற்ற புறா சிறகை விரித்துப் பறந்துவிடும்; பூசல் நொடியில் முடியும். கூண்டில் பறக்க வழியில்லை. ஆதலின் பூசலுக்கும் முடிவில்லை. மென்மையான அலகும் கொலைக்கருவியாயிற்று. பூசலின் கொடுமை பூசலிடும் உயிரின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று, அது நிகழும் இடத்தையும் பொறுத்தது என்பதை இச்செய்தி காட்டுகிறது.

பட்டயமும் கண்ணாடியும்

சிட்டுக்குருவியில் ஆணின் தொண்டையில் கரிய திட்டு ஒன்று உண்டு. திட்டு பெரிதாக உடைய ஆணே கூட்டத்தில் மேம்பட்டவன், அது அவன் அணிந்த தகுதிப் பட்டயம் என்று 1980களில் ஆய்வாளர்கள் எழுதினர். கருத்து அழகாக இருந்தது; பாடநூல்களிலும் ஏறியது. 2018இல் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, அதற்கான சான்று கருதியதைவிட மிக மெலிந்தது என்று தெரிந்தது. ஒரு குருவியின் கழுத்தைப் பற்றிய கருத்தைக்கூட முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எடைபோட அறிவியல் அஞ்சவில்லை. உவமைகளை எடைபோட்டுப் பார்க்கும் துணிவு கவிதைக்கும் வேண்டும்.

அதே சிட்டுக்குருவி வீட்டுக் கண்ணாடியில் தன் உருவைக் கண்டு ஓயாமல் கொத்துவதைப் பலர் பார்த்திருப்பர். தன் எல்லைக்குள் ஓர் அயலான் வந்துவிட்டான் என்பது அதன் எண்ணம். இங்கிலாந்தில் டேவிட் லாக் என்னும் அறிஞர், 1943இல் வெளியிட்ட நூலில், செம்மார்புடைய ராபின் பறவையின் எல்லையில் பஞ்சடைத்த ராபின் ஒன்றை வைத்துப் பார்த்ததைக் கூறுகிறார். உரிமைப் பறவை அதைத் தாக்கியது. தலையும் உடலும் இல்லாத வெறும் செவ்விறகுக் கற்றையும் அச்சினத்தைக் கிளப்பியது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் அன்பின் சின்னமாக அமர்ந்திருக்கும் பறவை அதுவே. குளிர்காலத்தில் அது பாடும் பாட்டு, கேட்கும் மனிதர்க்கு இன்னிசை. அடுத்த எல்லையிலுள்ள ராபினுக்கு அது எச்சரிக்கை. பாட்டும் பூசலும் ஒரே தொண்டையிலிருந்து எழுகின்றன என்பது கவிஞர்கள் எண்ணிப்பார்க்கத் தக்கது.

கரைந்துண்ணல்

இனிக் காக்கையின் பெரும்புகழுக்கு வருவோம். கிடைத்ததை மறைக்காமல் கூவி அழைத்து உண்ணும் பறவை என்று வள்ளுவர் அதைச் சுற்றந்தழால் அதிகாரத்தில், 527ஆம் குறளில் வைத்தார். மேடைகளில் ஒற்றுமைக்குக் காட்டப்படும் முதற்சான்று அது. ஆனால் அதே வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளில் வேறொரு காக்கையையும் வைத்திருக்கிறார். தன்னினும் வலிய கூகையைப் பகற்பொழுது பார்த்து வெல்லும் காக்கை அது. அழைக்கும் காக்கையும் போரிடும் காக்கையும் ஒரே நூலில் உள்ளன. பின்வந்தோர் முன்னதை மட்டும் மேடைக்கு எடுத்துக்கொண்டு, பின்னதைக் கொல்லையிலேயே விட்டுவிட்டனர்.

அழைப்பும் பூசலும் முரண்பட்டவையா என்னும் வினாவுக்குக் காக்கைக் குடும்பத்தின் பெரும்பறவையாகிய ரேவனிடமிருந்து ஒரு விடை கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக் காடுகளில், பனிக்காலந்தோறும் விலங்குகளின் உடலை இட்டுவைத்து மறைந்திருந்து பார்த்தவர் பெர்ண்ட் ஹைன்ரிக். இவ்வளவு அரிய உணவைக் கண்ட பறவை ஏன் கத்தி மற்றவற்றை அழைக்கிறது என்பதே அவர் வினா. 1989இல் வெளிவந்த நூலில் அவர் தந்த விடை இது: அவ்விடத்துக்கு உரிமைகொண்டாடும் முதிர்ந்த இணை, தனியே வரும் இளம்பறவையை விரட்டிவிடும், இளம்பறவைகள் பல சேர்ந்தால் அந்த இணையால் தடுக்கமுடியாது. ஆகவே இளையவை கத்திக் கூட்டம் சேர்க்கின்றன. பகிர்வதால் ஒவ்வொன்றின் பங்கும் குறையும். பகிராவிட்டால் பங்கே இல்லை.

மெயின் காட்டுப் பறவைக்குக் கண்டதைத் தமிழ்நாட்டு வீட்டுக் காக்கைக்கு அப்படியே ஏற்றிச்சொல்வது முறையன்று. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. அழைப்பின் வேரிலேயே பூசல் இருக்கக்கூடும்; பூசல் இருப்பதாலேயே அழைப்பின் அருமை குறைந்துவிடாது. கூடி உண்பவை சண்டையிடாதவை என்பதில்லை. சண்டையிட்டும் மறுநாள் அதே மதிலில் வந்து கூடுபவை அவை.

தவிட்டுக்குருவிகளிடமும் இதைக் காணலாம். ஓயாத சச்சரவுக்குப் பெயர்பெற்ற அவை, சிறிது நேரத்தில் ஒரே கிளையில் நெருக்கியமர்ந்து ஒன்றன் இறகை மற்றொன்று கோதிவிடும். கூட்டம் தரையில் மேய்கையில் ஏதேனும் ஒன்று காவல் இருக்கும். ஒரு கூட்டிலுள்ள குஞ்சுகளுக்குப் பெற்றோரல்லாத உறவுகளும் இரை கொண்டுவந்து ஊட்டும்.

குயிலின் குரல்

கவிதை மரபில் காக்கைக்கு எதிராக நிறுத்தப்படுவது குயில். உருவில் ஒப்பு, குரலில் வேறுபாடு என்பது பழகிய உவமை. கொல்லையில் நிகழ்வது அதனினும் சிக்கலானது. குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இடுகிறது. அடைகாப்பதும் ஊட்டுவதும் காக்கையின் பொறுப்பாகின்றன. காக்கையின் பின்னால் வாயைத் திறந்தபடி தத்தித்திரியும் குயிற்குஞ்சைக் கோடைக்காலத்துக் கொல்லைகளில் காணலாம். அதே காக்கை வளர்ந்த குயிலைக் கண்டால் மரத்துக்கு மரம் விரட்டும். தான் வளர்த்ததையே தான் விரட்டுகிறது என்பதை அது அறியாது.

இன்னொன்றும் உண்டு. வேனிலில் நீண்டு உயரும் அந்தக் கூவல் கரிய ஆண்குயிலுடையது. பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டது. அதன் குரல் அடுக்கடுக்கான வெட்டொலி. மரபிலோ கூவும் குயில் பெரும்பாலும் பெண்ணாகவே பாடப்படுகிறது. பாரதியின் குயில் பாட்டைப் போன்ற கனவுக்கு இது குறையாகாது. கனவுக்கு அதன் நியாயம் உண்டு. ஆனால் கனவு காணாத கவிதையிலும் அதே பெண்குயில் தொடர்ந்து கூவுவது, பார்த்து எழுதாமல் படித்து எழுதியதற்கு அடையாளம்.

பிதிரும் பீடையும்

காக்கையைப் பற்றிய சட்டத்தின் கதையும் கேட்கத்தக்கது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. வீட்டில் முன்னோராக வணங்கப்பட்ட பறவை, ஏட்டில் கொல்லத்தக்க பீடையாக ஐம்பது ஆண்டுகள் இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த அட்டவணையை நீக்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கடலுக்கு அப்பால் கதை வேறு. 1890களில் குப்பையைத் தின்று தூய்மை செய்யட்டும் என்று சான்சிபார் தீவுக்கு வீட்டுக் காக்கைகளைக் கொண்டுபோனார்கள். கப்பல்களிலேறியும் அது பல துறைமுகங்களை அடைந்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் பரவி, அந்நாட்டுச் சிறுபறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருந்தொல்லையாயிற்று. கென்ய அரசு 2024இல் பத்து இலட்சம் காக்கைகளை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. நற்றிணைக் காக்கை தங்கிய மரக்கலத்துக் கூம்பை இங்கே நினையாதிருக்க இயலாது. ஓரிடத்தில் பிதிராகவும் மற்றோரிடத்தில் பீடையாகவும் இருப்பது ஒரே பறவை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் கவிதை பாதிக் காக்கையையே பாடியதாகும்.

கவிஞர்க்கு எஞ்சுவது

பூசலைப் பார்க்கும் கண் தமிழுக்குப் புதியதன்று. பாரதியார் 'காக்காய் பார்லிமெண்ட்' என்று ஓர் உரைநடைச் சித்திரம் எழுதினார். காக்கைகள் கூட்டங்கூடிச் சொற்பொழிவு நிகழ்த்தும் அந்த எழுத்தில் நகைச்சுவை இருக்கிறது. நகைச்சுவைக்கு அடியில், மரக்கிளையை நெடுநேரம் நோக்கிய கண் இருக்கிறது. மா. கிருஷ்ணன் (1912–1996), 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதினார்; தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரனின் தொகுப்பில் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக 2002இல் வெளிவந்தன. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் அவர் என்பது அவையோர் அறிந்ததே. தமிழ் உரைநடை பறவையை உள்ளபடி தாங்கவல்லது என்பதற்கு அந்நூல் ஒன்றே போதும்.

இன்று நகரங்களில் கொல்லை அருகிவிட்டது. அடுக்குமாடி வீட்டில் சோறு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஏறிவிட்டது. வைத்தவர் நின்று பார்ப்பதில்லை. வைத்ததே கடன் தீர்ந்ததாகிறது. சிட்டுக்குருவிக்கு மார்ச் 20 என்று ஒரு நாள் 2010 முதல் குறிக்கப்படுகிறது. அந்நாளில் வாழ்த்துக் கவிதைகள் பெருகுகின்றன. குருவிக்குஞ்சு தானியத்தால் வளர்வதில்லை, அதற்குப் புழுபூச்சி வேண்டும். பூச்சிக்குச் செடியும் மருந்து தெளிக்காத மண்ணும் வேண்டும். இது தெரிந்த கவிஞன் தானியத்தோடு ஒரு செடியும் வைப்பான். அவன் கவிதையில் இரங்கலைவிட விவரம் கூடுதலாக இருக்கும்.

பத்து ஆண்டுகள் கூடியிருக்கும் எந்த இலக்கிய வட்டத்திலும் பூசல் இருந்திருக்கும். மரபா புதிதா, யாப்பா வசனமா, முன்வரிசை யாருக்கு, மலரில் முதற்பக்கம் யாருக்கு என்ற வழக்குகள் தமிழ் மன்றங்களுக்குப் புதியவை அல்ல. பூசலே இல்லாத மன்றம் சிறந்தது என்று விழா மேடைகளில் சொல்வது வழக்கம். கொல்லை அப்படிச் சொல்லவில்லை. பூசல் எழட்டும், அது சொல்லளவில் தீரட்டும், தோற்றவர் பறந்துசெல்ல வானமும், திரும்பிவந்து அமர மதிலும் இருக்கட்டும் என்றே அது சொல்கிறது. வெளியேறவும் மீளவும் வழியடைத்த மன்றம் கூண்டாகிவிடும். கூண்டில் புறாவும் கொல்லும்.

இந்த வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் காக்கையைப் பற்றி நல்ல கவிதை ஒன்றேனும் பிறக்கவேண்டும். அதில் அழைப்பும் இருக்கவேண்டும், அலகும் இருக்கவேண்டும். விருந்து வரக் கரைந்ததற்கு ஏழு கலச் சோறும் சிறிதென்று பாடிய மொழிக்கு அது ஆகாத செயலன்று.

இந்த விருப்பத்தை அவையின் முன் வைத்து இவ்வுரை நிறைகிறது.